மாடிக்குப் போகாத மூணு நாளு

தாயி, உன் பையில இருந்து எட்டிப் பாக்குதே, அது வெங்காயத்தாளா? அதான், வாசம் வந்துச்சு. ஆஸ்பத்திரி மருந்து வாடையையும் மீறி வருதுன்னா இன்னைக்குக் காலையில பறிச்சதா இருக்கும். கொஞ்சம் அந்தப் பக்கமா தள்ளி வையி. கோவிச்சுக்காத. எனக்கு அதைப் பாத்தா ஒரு மாதிரி வரும், அதனால சொன்னேன்.

மகளைக் கூட்டிட்டு வந்திருக்கியா? நான் மருமகளைக் கூட்டிட்டு வந்தேன். பேரு சுகந்தி. உள்ள கூப்பிட்டுட்டாங்க. கல்யாணமாகி மூணு வருசம் ஆகப்போகுது. இந்த டாக்டரம்மா கைராசின்னு எல்லாரும் சொன்னாங்க, சிவகாசியில இருந்து ரெண்டு பஸ்சு மாறி வந்து சேந்தோம். என் மகன் வரல. காலண்டர் ஆபீசுல கட்டிங் மிசின்ல நிக்கிறான். ஐப்பசி பொறந்துட்டா லீவு குடுக்க மாட்டாங்க. லீவு கெடைச்சாலும் இங்க ஆம்பளைக்கு என்ன சோலி இருக்கு, சொல்லு.

சுகந்தி ரெண்டாவது. மொதல்ல ஒருத்தி இருந்தா, காளீஸ்வரின்னு. அவ எதுக்குப் போனான்னு சொன்னா நீ நம்ப மாட்ட. ஊர்ல நகைக்காகப் போவாளுக, புருசன் குடிக்கிறான்னு போவாளுக. என் மருமக வெங்காயத்தாளுக்காகப் போனா. ரெண்டு பெயிண்ட் வாளி வெங்காயத்தாள். நான் பொய் சொல்லுவேனா, சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்.

நல்ல பிள்ளை தான். இல்லைங்கல. வந்த அன்னைக்கே அடுப்படிய எடுத்துக்கிட்டா. என் போனுல எல்லார் பேரையும் அவ தான் ஏத்திக் குடுத்தா, எனக்கு எழுத்து வராதுல்ல, 'அத்தை, இது உங்க அக்கா, இது பால்காரர், இது நான்'னு அமுக்கி அமுக்கிக் காட்டுவா. ரெண்டு வருசம் ஆச்சு, மூணு வருசம் ஆச்சு, வயித்துல ஒண்ணும் தங்கல. அப்ப ஒரு டாக்டரம்மாகிட்ட போனோம். அவங்க ரெண்டு பேரையும் வரச் சொன்னாங்க. நான் தான் வேணாம்னுட்டேன். ஆம்பளையக் கூட்டிட்டுப் போய் இந்த மாதிரி பெஞ்சுல உக்கார வச்சா அவன் மொகத்தை எங்க கொண்டு போய் வைப்பான்? எங்க வம்சத்துல ஆம்பளைகளுக்கு அப்படி ஒரு குறையும் கெடையாது.

வீட்டுல சும்மா இருந்தா மனசு அலையும்ல. அவ மொட்டை மாடியில செடி வைக்க ஆரம்பிச்சா. ஏற்கனவே நான் ஒரு மல்லிகைப் பதியம், ஒரு கருவேப்பிலை வச்சிருந்தேன். அவ வெங்காயத்தாள் போடப் போறேன்னா. சரி, நாலு வெங்காயத்தை ஊண்டு, எட்டு நாள்ல தாள் வந்துரும்னு சொன்னேன். அவ இல்ல, விதை வாங்கிப் போடுறேன்னா. வெங்காயத்துக்கு விதைன்னு ஒண்ணு இருக்கறதையே நான் அப்பதான் பாத்தேன். கறுப்பா, கருஞ்சீரகம் மாதிரி. அதைப் போட்டு ரெண்டு மாசம், மூணு மாசம் காத்துக் கெடக்கணுமாம். பக்கத்து வீட்டு முத்துலட்சுமி சிரிச்சா, 'அரைக்கிலோ சந்தையில வாங்குனா ஆச்சு, இதுக்கா இம்புட்டுப் பாடு'ன்னு.

நானும் கேட்டேன். ஏன்டி, வெங்காயத்தை ஊண்டுனா என்னன்னு. அதுக்கு அவ சொல்றா, 'அது ஏற்கனவே இருக்குறது தானே அத்தை, தண்ணி பட்டதும் நீட்டுது. இது அப்படி இல்ல. ஒண்ணுமில்லாத எடத்துல இருந்து வரும்'னு. சொல்லிட்டுக் கீழ குனிஞ்சுக்கிட்டா. பிள்ளைப் பேச்சுன்னு நான் விட்டுட்டேன்.

அதுக்குச் செய்யுற வேலையப் பாக்கணுமே. மண்ணைச் சலிச்சு, எருவைக் கலந்து, கோடு கீறி விதையத் தூவி, மேல பேருக்குக் கொஞ்சம் மண்ணு. அதுக்கு மேல ஈரச் சாக்கு. ஒரு வாரம் கழிச்சு முளைச்சு வந்துச்சு. வரும்போதே நேரா வராது, ஊசிய வளைச்சு மண்ணுல ரெண்டு பக்கமும் குத்தி வச்ச மாதிரி வளைஞ்சு வரும். அப்புறம் ஒரு பக்கம் உருவிக்கிட்டு எந்திரிக்கும். நூலு தான். கோரைக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது. நம்ம ஊரு வெயிலுக்குப் பழைய நூல் சேலையக் கட்டி நிழல் போட்டா. பாட்டில் மூடியில ஓட்டை போட்டு, அதுல தூறல் மாதிரி தெளிப்பா. காலையில ஒரு தடவ, பொழுசாய ஒரு தடவ. ஒரு நாள் விட்டா காஞ்சுருமாம்.

இங்க தான் வம்பு வந்துச்சு. எங்க வீட்டுல ஒரு பழக்கம். மத்ததெல்லாம் நான் பாக்க மாட்டேன். அந்த மூணு நாளும் அவ சோறு வடிச்சா நான் சாப்பிடுவேன், ஒரு பேச்சு பேச மாட்டேன். ஆனா செடியத் தொடக்கூடாது. தூரமானவ கை பட்டா கருவேப்பிலை பட்டுப்போகும், மல்லிகை மொட்டுலயே கருகிரும். எங்க மாமியா சொன்னது, அவங்க மாமியா அவங்களுக்குச் சொன்னது. அதனால அந்த மூணு நாளு காளீசு மாடிக்குப் போக மாட்டா. வாயத் தொறந்து சொல்ல மாட்டா, இதெல்லாம் சொல்லுற விசயமா. அவ மாடிப்படி ஏறலைன்னா எனக்குத் தெரிஞ்சுபோகும். மாசாமாசம் கடைசியில வரும். மாசாமாசம் எனக்கு நெஞ்சு ஒடிஞ்சு போகும்.

மொத தடவ போட்ட நாத்துக்கு அந்த மூணு நாள் நான் தான் தண்ணி ஊத்துனேன். எனக்கு முட்டி வலி. குனிஞ்சு நிமிந்து தெளிச்சுக்கிட்டு இருக்க முடியுமா? நின்னவாக்குல செம்புல மோந்து ஊத்துனேன். தண்ணின்னா தண்ணி தானே. நாலாம் நாள் அவ தலைக்கு ஊத்திட்டு மேல போய்ப் பாத்தா, நாத்து எல்லாம் மண்ணோட அடிச்சுக்கிட்டுப் போய் ஒரு ஓரத்துல படுத்துக் கெடக்கு. ஒவ்வொண்ணையா ஈக்குச்சியால நிமித்தி வச்சா. நிக்கல. நான் சொன்னேன், தூரமாகறதுக்கு மொத நாளு தெரியாம தொட்டுருப்ப, அதான் இப்படின்னு. அவ ஈக்குச்சியக் கீழ வச்சிட்டு எறங்கிப் போயிட்டா.

தை பொறந்ததும் மறுபடியும் போட்டா. நல்லா முளைச்சு வந்துச்சு. தை கடைசியும் வந்துச்சு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். அவ விடியக்காலம் பாட்டிலைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போறா. மறுநாளும் போறா. அதுக்கு மறுநாளும் போறா. நான் வெரல் விட்டு நாளை எண்ண ஆரம்பிச்சுட்டேன் தாயி. மாசி பொறந்து பத்து நாள் ஆச்சு, ஒரு நாள் கூட நிறுத்தல. முழுகாம இருக்கான்னு தானே நெனைப்பேன்? நீயா இருந்தா என்ன நெனைப்ப?

அன்னைக்குச் சாயங்காலம் மாதுளம்பழம் வாங்கிட்டு வந்தேன். தண்ணிக் கொடத்தை அவ இடுப்புல இருந்து நானே பிடுங்கினேன். அவ என்னைப் பாத்து முழிக்கிறா. 'அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்'னா. நான் டக்குன்னு அவ வாயைப் பொத்திட்டேன். சொல்லாதடி, மூணு மாசம் முடியட்டும், வாயால சொன்னா கண்ணு பட்டுரும்னேன். மறுபடி ரெண்டு நாள் கழிச்சு வந்தா. மறுபடி பொத்துனேன். சந்தோசத்துல தான். என் கைக்குள்ள அவ உதடு என்னமோ சொல்லிக்கிட்டே இருந்துச்சு, இப்பவும் அந்தக் கூச்சம் உள்ளங்கையில இருக்கு.

பாண்டிகிட்டயும் கேட்டேன். என் மகன், கருத்தப்பாண்டி. என்னடா, விசேசமாமேன்னு கேட்டேன். அவன் சட்டைய மாட்டிக்கிட்டு வேலைக்குப் போயிட்டான். வெக்கம். அவனுக்குச் சின்னதுல இருந்தே அப்படித்தான், வெக்கப்படுவான். ஆனா அந்த ரெண்டு மாசமும் வீட்டுல ஒரு சத்தம் கெடையாது, ஒரு முணுமுணுப்பு கெடையாது. அவனும் நிம்மதியா சாப்பிட்டான், தூங்குனான். அவனுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்னு முத்துலட்சுமி பின்னால கேட்டா. அவ வாயி அப்படி. ஆம்பளைக்கு அந்தக் கணக்கெல்லாம் எங்க தெரியும்.

மாசிக் கடைசியிலயும் அவ நிறுத்தல. மாடிக்குப் போறா, வாரா. எனக்கு ஒறுதியாயிருச்சு. எங்க அக்காகிட்ட மட்டும் சொன்னேன். அக்கா அவ நாத்தனாகிட்ட மட்டும் சொன்னா. பங்குனிக் கடைசியில கோயில் பொங்கல், அதுக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு. மாரியாத்தாளுக்குப் பொங்கல் வைக்கிறேன்னு நேந்திருந்தேன். சொந்தக்காரங்களை எல்லாம் கூப்பிட்டு, வேன் பிடிச்சு, புதுப் பானை வாங்கி, அவளுக்கு ஒரு பச்சைச் சேலை எடுத்து எல்லாரும் கோயிலுக்குப் போனோம்.

கோயில் வாசல்ல எல்லாரும் உள்ள போயிட்டோம், அவ வரல. கொழாயடியில நிக்கிறா. வாடி, பானை ஏத்தணும், உன் கையால தான் அரிசி போடணும்னு நான் கையப் பிடிச்சு இழுக்கேன். அவ கைய உருவிக்கிட்டா. 'நான் உள்ள வரக்கூடாது அத்தை'ன்னா. மெதுவாத்தான் சொன்னா. ஆனா எங்க அக்கா பக்கத்துல நிக்கிறா, அவ நாத்தனா நிக்கிறா, கொழாயில கூட்டம் நிக்கிது.

அப்ப என் வாயில மொதல்ல என்ன வந்துச்சு தெரியுமா? 'அப்ப செடிக்கு எப்படித் தண்ணி ஊத்துன?' அதைத்தான் கேட்டேன்.

அவ சொன்னா, 'எல்லா நாளும் ஊத்துனேன் அத்தை. மூணு நாள் விட்டா செத்துரும். போன தடவ செத்துச்சுல்ல. ஒவ்வொரு தூரத்துக்கும் தொட்டுத்தான் வளத்தேன், ஒண்ணும் பட்டுப் போகல. உங்ககிட்ட சொல்ல வந்தேன், நீங்க சொல்ல விடல'ன்னு. அம்புட்டுப் பேரு முன்னால.

நான் ஒரு வார்த்தை சொன்னேன். அந்த வார்த்தைய இங்க சொல்லக்கூடாது, உன் மக பக்கத்துல இருக்கா, பாவம், இங்க இருக்குற எல்லாப் பிள்ளைகளும் அந்த வார்த்தைக்குப் பயந்து தானே வந்து உக்காந்திருக்காளுக. அவமானத்துல வந்துருச்சு. யாருக்குன்னாலும் வரும். பாண்டி பானையக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறான். காளீசு என்னைப் பாக்கவே இல்ல. அவனைத்தான் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அவன் பானைக்குள்ள பாத்துக்கிட்டு நின்னான்.

மறுநாள் வெள்ளன அவ அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. போற அன்னைக்கும் மாடிக்குப் போய்த் தண்ணி தெளிச்சிட்டு, சேலை நிழலை இழுத்துக் கட்டிட்டுத் தான் எறங்குனா. அதுக்கப்புறம் பேசி, பிரிச்சு விட்டாச்சு. கோயில் வாசல்ல ஒரு பேச்சு வந்ததுக்கு ஒரு பொம்பளை வீட்டை விட்டுப் போவாளா? புருசன் தப்பா ஒரு வார்த்தை சொன்னானா? அவன் ஒண்ணுமே சொல்லலையே.

நான் மாடிக்குப் போய்ப் பாத்தேன். ரெண்டு வாளியிலயும் தாள் பச்சைப் பசேல்னு நிக்கிது, கையகலம் கூட எடைவெளி இல்ல. கருவேப்பிலையும் தழைஞ்சு நிக்கிது, மல்லிகையில மொட்டு. நான் அறுத்துட்டு வந்து முட்டை போட்டுப் பொரிச்சேன், பாண்டிக்கு அது பிடிக்கும். அவன் நல்லா சாப்பிட்டான். நான் என் தட்டை அப்படியே மூடி வச்சேன். அன்னைக்கு அழுதேன் தாயி. எதுக்குன்னு தெரியல, ஒரு பாட்டம் அழுதேன். அப்புறம் அவ மாதிரி பாட்டில்ல தெளிச்சுத் தான் பாத்தேன், ஒரு தடவ தழைஞ்சு வந்துச்சு, சித்திரை வெயில்ல சேலை கிழிஞ்சு போச்சு, அப்படியே மடங்கிருச்சு.

சுகந்தி வந்தப்ப அந்த மிச்ச விதை ஊறுகாய் பாட்டில்ல கெடந்துச்சு. இவளும் போடட்டும்னு எடுத்துக் குடுத்தேன். போட்டா. ஒண்ணும் முளைக்கல. மண்ணு சத்து போயிருச்சுன்னு மண்ணைக் கொட்டிட்டு வேற மண்ணு கொண்டாந்தேன். முளைக்கல. செம்மண்ணு வாங்கி, ஆட்டு எரு போட்டு மறுபடி மாத்துனேன். வாளியக் கூட மாத்துனேன். சுகந்தி தெனமும் சாக்கைத் தூக்கித் தூக்கிப் பாப்பா, என் மொகத்தைப் பாத்துட்டு மூடிருவா. என்னமோ அவ தான் தப்பு செஞ்ச மாதிரி நானும் நாலு வார்த்தை பேசியிருக்கேன். போன வாரம் விதைக் கடைக்குக் கொண்டு போய்க் காட்டுனேன். கடைக்காரன் உள்ளங்கையில கொட்டிப் பாத்துட்டு, 'மண்ணுல ஒண்ணும் இல்லம்மா. வெங்காய விதை ஒரு வருசம் தாங்கும், அதுக்கு மேல உசுரு இருக்காது. பாக்க நல்லாத்தான் இருக்கும்'னான். நல்லாத்தான் இருந்துச்சு, கறுகறுன்னு. நான் அதைப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன்.

இந்த வருசம் வைகாசியில சாத்தூர் பஸ்டாண்டுல காளீசைப் பாத்தேன். இடுப்புல ஒரு பிள்ளை. அந்தப் பக்கம் தான் மறுபடி கட்டிக் குடுத்திருக்காங்கன்னு சொன்னாங்க. அவ அக்கா பிள்ளையா இருக்கும். அவளுக்கு அக்கா உண்டு. கழுத்தைக் கட்டிக்கிட்டு மொகத்தை மொகத்தோட ஒட்டி வச்சிருந்துச்சு. அக்கா பிள்ளையும் அப்படி ஒட்டும். ஒட்டாதா? நான் தூணுக்குப் பின்னால நின்னுக்கிட்டேன்.

கொஞ்சம் இரு தாயி, நர்சு என்னைத்தான் கூப்பிடுது.

ஆமாம்மா, சுகந்தி கூட வந்தவ தான். என்ன? அவளுக்கு ஒண்ணும் இல்லையா? எல்லாம் நல்லா இருக்கா? அப்ப மருந்து எழுதிக் குடுங்க. ...யாரு வரணும்? என் மகனா? அவன் வேலையில இருக்கான்மா. ...அவனைப் பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாதா. சரிம்மா. சரி.

வா சுகந்தி, இங்க உக்காரு. தண்ணி குடி. ஏன் அழுகுற? ஒண்ணும் இல்லைன்னு தானே சொன்னாங்க. ஒண்ணும் இல்லைன்னதுக்கா இப்படி அழுகுற?

தாயி, இந்தப் போனுல பாண்டின்னு போட்டு ஒரு நம்பர் இருக்கும், அமுக்கிக் குடேன். அதுக்கு மேல ஒரு பேரு இருக்கும், அதை அமுக்கிராத. அவ ஏத்தி வச்சது, எனக்கு அழிக்கத் தெரியல.

பாண்டி, நான் தான்டா. ஆஸ்பத்திரியில இருந்து. நீ வரணுமாம். ...நீ எதுக்கா? உன்னையப் பாக்கணுமாம்டா. ...சத்தம் போடாத. ...மொதலாளி விடாட்டி மொதலாளிகிட்ட நான் பேசுறேன். ...பாண்டி, நீ அன்னைக்குப் பானைக்குள்ள பாத்துக்கிட்டு நின்ன மாதிரி இன்னைக்கு நிக்க முடியாது. நீ வந்தா தான் நானும் சுகந்தியும் இங்க இருந்து எந்திரிப்போம். அலோ? ...வச்சுட்டான். வைக்கட்டும். வராம எங்க போயிருவான். இவளை இன்னொரு கோயில் வாசல்ல நான் நிறுத்த மாட்டேன்.

தாயி, நான் அமுக்க வேணாம்னு சொன்னேனே, அந்த மேல இருக்குற பேரு. அதை அமுக்கு. காளீஸ்வரின்னு இருக்கும். ஆமா, அது தான். அமுக்கு, அப்புறம் எனக்குத் தைரியம் வராது.

அலோ. காளீசா? ...நான் தான். சீனியம்மா. அத்தை. ...வச்சிராத தாயி. ...நல்லா இருக்கேன். ...யாரு அது அழுகுறது? ...ம். ...உன்னோடதா. ...இல்ல, இல்ல, ஒண்ணுமில்ல. பசிக்குதோ என்னமோ, தூக்கி வச்சுக்கோ. நான் இருக்கேன், நீ தூக்கி வச்சுக்கிட்டு வா.

...ஒண்ணு கேக்கத்தான் போட்டேன். அந்த வெங்காய நாத்துக்கு நீ எப்படித் தண்ணி ஊத்துவ? ...ஆமா, அன்னைக்கும் அதைத்தான் கேட்டேன். இன்னைக்குத் தெரிஞ்சுக்கணும்னு கேக்கேன். புது விதை வாங்கிப் போடணும், சுகந்தி பக்கத்துல தான் இருக்கா, அவளுக்குச் சொல்லிக் குடுக்கணும்.

...ம். ...எல்லா நாளுமா. ...ம், ஒரு நாள் கூட விடாம.

...நீ பேசு தாயி. உள்ள இருக்குற எல்லாத்தையும் பேசு. நான் கேட்டுக்கிட்டுத் தான் இருக்கேன்.